'வருக' என்னும் வாசல்

ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனால், பக்தர்களை வரவேற்கும் பலகைகளில் 'வருக' என்ற சொல்லைப் பார்க்கலாம். இலத்தீன் மாணவர்கள் பலர் அஞ்சுகிற 'சப்ஜங்டிவ்' பாடத்துக்கு அந்த ஒரு சொல்லே வாசல் என்பேன்.

இலத்தீனில் 'வெனித்' என்றால் வருகிறான். நடுவே ஓர் அகரம் நுழைந்து 'வெனியத்' ஆனால், அவன் வருக. நடப்பதைச் சொன்ன வினை, நெஞ்சம் வேண்டுவதைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. ஆங்கில வழியாகக் கற்றால் 'மே', 'மைட்', 'ஷுட்' என்று துணைவினைகளில் சிக்கித் திணற வேண்டும். நமக்கு எதற்கு அந்தச் சுற்றுவழி? 'வருக' போல வேண்டுதலைச் சொல்லும் வியங்கோள் வினை நம் வீட்டிலேயே இருக்கிறது. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றது தொல்காப்பியம். எல்லா இடங்களிலும் வரும் என்றது நன்னூல். இலத்தீன் நன்னூலின் பக்கம்: 'வெனியாமுஸ்', நாம் வருவோமாக!

இந்த இரு மொழி உறவு நம் கரைக்குப் புதிதன்று. ஐரோப்பியப் பாதிரியார்கள் தமிழ் கற்பதற்காக வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1738இல் அச்சானது. அவர் இயேசு சபைத் துறவி; அச்சிட்டதோ அவர் கடுமையாக எதிர்த்து எழுதிய லுத்தரன் சபையாரின் அச்சகம். சமயப் பூசலை மீறி இலக்கணம் அச்சேறியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். அந்தப் பாதிரியார்கள் இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தார்கள். நாம் தமிழிலிருந்து இலத்தீனுக்குப் போகலாம்.

ஆனால் வியங்கோள் வாசல் மட்டுந்தான், வீடு பெரிது. 'அவன் வரும்படி கேட்கிறேன்' என்பதற்கும் 'உத்' என்ற சொல்லை முன்னிட்டு அதே 'வெனியத்' வரும். நாம் 'வரும்படி' என்று வேறு உருவத்துக்குப் போய்விடுகிறோம். இன்னொன்று: 'மழை பெய்திருந்தால் வீராணம் ஏரி நிரம்பியிருக்கும்.' பெய்யவுமில்லை, நிரம்பவுமில்லை. தமிழ் முதல் வினையில் 'ஆல்' வைத்து, இரண்டாவதை 'உம்' என்று முடிக்கிறது. இலத்தீனில் இரண்டு வினைகளும் ஒரே கோலம் பூணும். பெய்யாத மழையும் நிரம்பாத ஏரியும் அந்த மொழிக்கு ஒரே உலகத்தைச் சேர்ந்தவை. வாய்பாட்டை மட்டும் உருப்போட்டவருக்கு இந்த அழகு பிடிபடாது. கற்கிறவர்கள் வீராணம் வாக்கியத்தையே முதலில் இலத்தீனில் எழுதிப் பாருங்கள். வாய்பாட்டுக்குப் பிறகு வரலாம்.