கழிவுத்தாள் ஆலைகளும் சுற்றுப்புறப் பாதுகாப்பும்

(பயிற்சி பெறும் இளம் அலுவலர்களிடையே ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



பழைய காகிதத்தை மீண்டும் காகிதமாகவும் அட்டையாகவும் மாற்றும் தொழிலைச் சுற்றுப்புறத்திற்கு உகந்த தொழில் எனப் பாராட்டுவது வழக்கம். மரம் வெட்ட வேண்டியதில்லை. மரத்திலிருந்து கூழ் எடுப்பதற்குச் செலவாகும் இரசாயனங்களும் எரிசக்தியும் பெருமளவு மிச்சமாகின்றன. பாராட்டு நியாயமானதே. ஆயினும் ஆலைக்குள் வரும் ஒவ்வொரு கட்டுப் பழைய அட்டையோடும் காகிதமல்லாத பொருள்களும் வருகின்றன. அவை எவ்வழியே வெளியேறுகின்றன என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரை எடுத்துக்கொள்வோம். 1970-களில் காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கச் சிறு ஆலைகளை அரசு நாடெங்கும் ஊக்குவித்தது. வைக்கோலும் கரும்புச் சக்கையும் எளிதில் கிடைத்த இடங்களில் அவை வேரூன்றின. கரும்பு வளம் மிக்க முசாபர்நகர் வட்டாரமும் காகிதத் தொழிலின் ஒரு மையமாயிற்று. சக்கையை வேகவைத்த பின் எஞ்சும் கருநிறக் கழிவுநீரிலிருந்து இரசாயனங்களை மீட்கும் இயந்திரத்தொகுதி பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியாகும். சிறு ஆலைகளின் கழிவுநீர் ஓடைகளின் வழியே ஆறுகளை அடைந்தது. மேற்குக் காளி ஆறும், அது சென்று கலக்கும் ஹிண்டன் ஆறும் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. ஆனால் ஊக்கத்தொகை கணக்கிட்ட கோப்புகளில் கழிவுநீருக்கு இடமில்லை. அக்குறை அரசு அலுவலர்களாகிய எங்களுடையது.

கங்கைப் படுகையிலுள்ள காகித ஆலைகளுக்கென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2012-ல் ஒரு செயல்திட்டம் வகுத்தது. இக்காலத்தில் ஆலைகள் பலவும் சக்கையை விட்டுக் கழிவுத்தாளுக்கு மாறின. கருநிறக் கழிவுநீர் குறைந்தது. வேறொரு சிக்கல் தோன்றியது.

கழிவுத்தாளைப் பெரிய தொட்டியில் நீரோடு சுழற்றிக் கரைக்கும்போது நார் பிரிந்துவிடுகிறது. ஒட்டுநாடா, உறைத்தாள், பிளாஸ்டிக் பை, கம்பி, மணல் ஆகியன தங்கிவிடுகின்றன. பழைய அட்டையிலுள்ள மாவுப்பசை நீரில் கரைகிறது. அந்நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி, உற்பத்தியாகும் அட்டையே புளித்த நாற்றம் வீசும். இதற்கு மருந்து உண்டு. காற்றில்லாக் கலன்களில் கழிவுநீரைச் செலுத்தினால் மாவுப்பொருள் எரிவாயுவாக மாறுகிறது. அதனைக் கொதிகலனில் எரிக்கலாம். நீரில் தப்பிச் செல்லும் நாரையும் காற்றுக் குமிழிகளால் மிதக்கவைத்து மீட்கலாம். எஞ்சும் சேற்றை மட்ட ரக அட்டை செய்வோர் வாங்கிக்கொள்கின்றனர். அதாவது, இலாபம் தரும் கழிவுக்கு ஆலை தானே வழி காண்கிறது. இதற்கு வரி எதுவும் தூண்டுகோலாக இருந்ததில்லை. 1977-ல் தொடங்கி 2017-ல் நீக்கப்பட்ட தண்ணீர் மேல்வரியின் விகிதம், எந்த மேலாளரையும் ஒரு குழாயை மூடச் செய்யும் அளவிற்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இலாபம் தராத கழிவு பிளாஸ்டிக்கே. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையைப் பார்வையிட்டேன். நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பெருமையுடன் காட்டினார்கள். பெருமைக்கு உரியதாகவே அது இருந்தது. பின்புறத்தில் ஆள் உயரத்திற்கு மேல் ஈரப் பிளாஸ்டிக் குவிந்திருந்தது. எவ்வளவு எடை என்று கேட்டேன். "உள்ளே வருவதை எடை போடுகிறோம் ஐயா, வெளியே போவதைப் போடுவதில்லை" என்றார் மேற்பார்வையாளர். அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்ன அந்த விடை எந்த அறிக்கையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

எடை போடாத பொருள் எங்கும் போகலாம். அதனைக் கொதிகலனில் எரித்தால் எரிபொருட் செலவு குறைகிறது; ஆனால் குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது அமில வாயுவும் டையாக்சின் போன்ற நஞ்சுகளும் எழுகின்றன. மிச்சம் ஆலைக்கு, மூச்சு அண்டை ஊர்களுக்கு. பொருளியலார் இதனைப் புறச்செலவு என்பர். சிமெண்டுச் சூளைகளின் மிகு வெப்பத்தில் இதனை எரிக்க இயலும். ஆயின் உலர்த்தி, துண்டாக்கி, நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் செலவை ஒரு சிறு ஆலை தனித்து ஏற்காது. பல ஆலைகள் சேர்ந்து அமைக்கும் பொதுநிலையமே நடைமுறைக்கு ஏற்றது. செலவு, ஒவ்வோர் ஆலையும் அனுப்பும் எடைக்கேற்பப் பிரிக்கப்பட வேண்டும்.

இன்னொரு வழி கொள்முதலில் உள்ளது. கழிவுத்தாள் எடைக்கு விற்கப்படுவதால் ஈரமும் பிளாஸ்டிக்கும் காகித விலை பெறுகின்றன. (கட்டின்மீது தண்ணீர் தெளிக்கும் வியாபாரியைக் குறை கூறுவது எளிது, அவருக்கு அந்த விலையைத் தருவது நாம்தான்.) ஈரத்தையும் கலப்பையும் சோதித்து விலையைக் கழித்தால், குப்பை பொறுக்கும் ஏழையின் கையில் சுத்தமான அட்டைக்குக் கூடுதல் கூலி சேரும். இறக்குமதிக் கட்டுகளுக்கும் இது பொருந்தும். 2018-ல் சீனா கலப்புக் காகிதக் கழிவை ஏற்க மறுத்ததும் அச்சரக்கு வேறு நாடுகளின் துறைமுகங்களை நாடியது. 2019-ல் நாம் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடைசெய்தோம். காகிதக் கட்டுக்குள் ஒளிந்து வருவதற்கு அத்தடை போதாது.

நீங்கள் ஆய்வுக்குச் செல்லும்போது சுத்திகரிப்பு நிலையத்தை முதலில் காட்டுவார்கள். பாருங்கள். பிறகு எடைமேடைப் பதிவேட்டைக் கேளுங்கள். வெளியே சென்ற பிளாஸ்டிக்கின் எடை, ஏற்றிய நாள், வண்டி எண், இறக்கிய இடம் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன் பின்னரே கையொப்பமிடுங்கள்.