பிள்ளையின் நாடி தவறும்போது

(ஜூபிலி ஆண்டையொட்டிக் குயிலாப்பாளையத்தில் கூடிய தாய்மார் கூட்டத்தில், நோயாளர் சந்திப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



குழந்தைக்கு இருதயக் கோளாறு என்றதும் நம் எல்லோருக்கும் இருதயத்தில் ஓட்டைதான் நினைவுக்கு வருகிறது. இன்று நாங்கள் பேச வந்தது வேறொன்று. ஓட்டை இருக்காது, அடைப்பு இருக்காது, பிள்ளை ஓடியாடி விளையாடும். ஆனால் இருதயம் துடிக்கும் கணக்கு திடீரென்று தப்பிவிடும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவரும் எங்களுக்கு, இந்த நோயைவிட இதற்கு நாம் வைக்கும் தவறான பெயர்கள்தான் அதிகக் கவலை தருகின்றன. வலிப்பு என்கிறோம், பயந்துவிட்டது என்கிறோம், காற்று கருப்பு என்கிறோம்.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அங்கே தண்ணீர் கண்டபடி பாய்வதில்லை. வாய்க்காலில் வந்து, மடையில் சற்று நின்று, மடை திறந்த பிறகே அடுத்த பாத்தியில் இறங்குகிறது. இருதயத்தின் மேலறையில் பிறக்கும் மெல்லிய மின்சாரமும் அப்படித்தான் நடுவிலுள்ள ஒரு முடிச்சில் கணநேரம் தங்கி, பிறகு கீழறைகளுக்குப் போகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரப்பில் ஒரு கள்ள உடைப்பு இருக்கிறது. கீழே போன மின்சாரம் அதன் வழியே மேலே திரும்பி, மறுபடி கீழே வந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்னும் 3 மருத்துவர்கள் 1930-ல் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியதால், அவர்கள் பெயரே இதற்கு வந்தது.

அந்தச் சுற்று தொடங்கினால் கைக்குழந்தையின் நாடி நிமிடத்துக்கு 220-க்கு மேல் ஓடும். நாம் விரல் வைத்து எண்ண முடியாது. குழந்தையால் சொல்லவும் முடியாது. பால் குடிக்காது, வெளுத்துப்போகும், வியர்க்கும், மூச்சு வாங்கும். நாம் உரம் விழுந்தது என்று உரம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மணிக்கணக்கில் இப்படியே விட்டால் இருதயம் களைத்துப்போகும். ஆஸ்பத்திரியிலோ அடினோசின் என்ற மருந்தை நரம்பில் வேகமாகச் செலுத்தினால், பெரும்பாலும் சில நொடிகளில் துடிப்பு சீராகிவிடுகிறது. பிள்ளை வளர்ந்த பிறகும் தொல்லை நீடித்தால், தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தக் கள்ள வழியைச் சூட்டினால் அடைத்துவிடுகிறார்கள். மார்பைத் திறக்கத் தேவையில்லை. உடைந்த வரப்பை அணைப்பது போலத்தான்.

இன்னொரு வகை இதைவிடப் பொல்லாதது. துடித்த இருதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். இ.சி.ஜி. தாளில் ‘கியூ.டி.’ என்று அளக்கும் இடைவெளி நீண்டிருக்கும். இந்தப் பிள்ளைகளில் பலர் சும்மா இருக்கும்போது விழமாட்டார்கள். ஓடும்போது, நீந்தும்போது, திடீரென்று அதிர்வேட்டுச் சத்தம் கேட்கும்போது விழுவார்கள். மூளைக்கு இரத்தம் போகாததால் கைகால் வெட்டும். அதைப் பார்த்து வலிப்பு என்று முடிவுகட்டி, கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். கடலோரத்தில் வாழும் நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். நன்றாக நீச்சல் தெரிந்த பிள்ளை காரணமில்லாமல் மூழ்கினால், பிழைத்த பிறகு ஒரு இ.சி.ஜி. எடுக்காமல் விடலாமா?

நார்வே நாட்டில் ஜெர்வெல், லாங்கே நீல்சன் என்னும் மருத்துவர்கள் 1957-ல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். 6 பிள்ளைகளில் 4 பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த 4 பேருக்கும் மயக்கமும் வந்தது. 3 பேர் சிறுவயதிலேயே திடீரென்று இறந்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று பழுதான கூறு இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சேரும்போது இந்த நோய் வருகிறது. சொந்தத்தில் மணம் செய்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அக்காள் மகள், மாமன் மகள் என்று, ஆயரகத்தில் விதிவிலக்கு பெற்றாவது கட்டிவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நடந்த கல்யாணத்தைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால் அன்றைக்கே இருதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

நாடி மிக மெதுவாகத் துடிக்கும் குழந்தைகளும் உண்டு. சிலருக்கு இது தாயின் இரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்பொருளால் கருவிலேயே வருவது. தேவைப்பட்டால் பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். பெற்றோருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நடுக்கம். உலகிலேயே முதன்முதலாக, 1958-ல் சுவீடனில், உடம்புக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் ஆர்னே லார்சன். முதல் கருவி சில மணி நேரந்தான் உழைத்தது. பிறகு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, 2001-ல் தமது 86-ஆம் வயதில்தான் அவர் இறந்தார். அதைச் செய்த பொறியாளரும் பொருத்திய மருத்துவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்!

இந்த விசேஷ வைத்தியத்துக்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கோரிமேட்டில் 1964 முதல் இருக்கும் ஜிப்மர் நமக்குப் பக்கம். அதன் இருதயப் பிரிவில் மின்சாரச் சோதனையும் கள்ள வழியை அடைக்கும் சிகிச்சையும் நடக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யிலும், சென்னை முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனிலும் இதற்கென்றே பிரிவுகள் உள்ளன. பணத்துக்கு, 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் நாம் இருப்பது தமிழ்நாடு, கோரிமேடு புதுச்சேரி. ஆகையால் எந்தக் கார்டு எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் போய்த் திகைத்து நிற்பது நமக்குப் பழகிப்போன துன்பம்.

எங்கள் அனுபவத்தில், பெரிய ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிடக் கடினம் அதற்குப் பிறகு வருவது. கியூ.டி. நீண்ட பிள்ளைக்குத் தினமும் மாத்திரை உண்டு. அது வருஷக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுவதும். நாலு மாதம் மயக்கம் வரவில்லை என்றால், ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று நிறுத்திவிடுகிறோம். அவன் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். இப்படி நிறுத்திய பிறகு வந்த மயக்கத்திலிருந்து எழாத பிள்ளைகள் உண்டு. ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடுமே என்றுதான் பலர் மறுபரிசோதனைக்குப் போவதில்லை. அதை எங்களால் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தச் செலவைப் பங்காக நாம் ஏற்க முடியும்.

இன்னும் சில விஷயங்கள். சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும் இந்தப் பிள்ளையின் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். வாந்திக்கும் சளிக்கும் கொடுக்கும் மருந்துகளில் சில இவர்களுக்கு ஆகாது. பட்டாசும் அதிர்வேட்டும் வெடிக்கும் இடத்தில் இவர்களை நிறுத்தாதீர்கள். மயக்கம் வந்தால் முடிந்தவர் செல்போனில் படம் பிடியுங்கள். டாக்டருக்கு அது பெரிய சாட்சி. பிள்ளை பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் சாவியைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். செய்முறையைக் கூட்டம் முடிந்ததும் தலையணை வைத்துக் காட்டுகிறோம், வாலிபர்கள் இருந்து போகவும்.

இ.சி.ஜி. தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அதை ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நாங்கள் கோயில் முன்மண்டபத்தில் இருப்போம். ரேஷன் கார்டும் பழைய சீட்டுகளும் கொண்டுவந்தால், யார் யாருக்கு எந்தத் தேதியில் மறுபரிசோதனை என்று எழுதிவைத்து, உடன் வர ஒருவரையும் ஏற்பாடு செய்கிறோம்.