கணக்கு ஊர்முன் வரட்டும்!

(வரி செலுத்துவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எங்கள் தெருவிற் கழிவுநீர் வாய்க்கால் கட்டி முடித்து ஒன்பது திங்கள்கூட ஆகவில்லை; அதற்குள் கரைச்சுவர் சரிந்து வாய்க்காலுக்குள்ளேயே கிடக்கின்றது. அதன் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தம் எடுத்தவர் யார், வேலையை அளந்து ஒப்பமிட்டவர் யார் என்று அறிய, நகராட்சி அலுவலகத்திற்கு மும்முறை நடந்தேன். முதன்முறை, "பொறியாளர் வெளியே போயிருக்கிறார்" என்றனர். இரண்டாம் முறை, "உங்களுக்கு எதற்கையா இதெல்லாம்?" என்றனர். மூன்றாம் முறை ஒருவர் இருக்கை தந்து, தேநீரும் வாங்கித் தந்து, "எம்.புக்கை வெளியாளுக்குக் காட்டுகிற வழக்கமில்லை" என்றார். தேநீர் நன்றாகவே இருந்தது. 'வெளியாள்' என்ற அச்சொல்தான் நெஞ்சிற் தைத்தது. வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் கட்டுகின்றவன் வெளியாளாம். அவ்வரியில் ஊதியம் பெறுகின்றவர் உள்ளாளாம்!

வழக்கமில்லையா? எந்த நாட்டில் நின்று இதைச் சொல்கின்றனர்?

காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரிற் கோயிற் சுவரைச் சென்று பாருங்கள். முதற் பராந்தகச் சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்தனர். தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனொருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வோலையை வாங்குகின்றவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றுகூட எழுதிவைத்தனர். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து மாற்றும் கள்ளத்தை அக்காலத்தவரும் அறிந்திருந்தனர் போலும்! ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என வேலைக்கு வேலை தனிக்குழு. 360 நாள் முடிந்ததும் குழுவினர் விலக வேண்டும்.

இவை யாவற்றினும் எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது ஒன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனுக்கு மட்டுமன்றி, அவன் மைத்துனன், மாமன், மருமகன், அத்தை மகன் என நெருங்கிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. மைத்துனன் பெயரில் ஒப்பந்தம் எடுக்கும் இற்றை உறுப்பினர் சிலரை எண்ணிக்கொண்டு அவ்வரிகளைப் படியுங்கள். சிரிப்பும் வரும், சினமும் வரும்.

ஆயினும் பழம்பெருமை பேசி மயங்குவதற்கன்று இதைச் சொல்வது. அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். நிலமும் மனையும் ஆரியமறைப் பயிற்சியும் உடைய ஆடவரே அங்கு ஆளத் தகுந்தோர். ஏரியை வெட்டியவனுக்கும் வயலில் நாற்று நட்டவளுக்கும் குடத்தில் ஓலையில்லை. தம்முள் ஒருவரையொருவர் நம்பாத சிறு கூட்டத்தார்கூடக் கணக்கைக் கல்லிலேற்றிக் காத்தனரெனின், அனைவர்க்கும் வாக்குள்ள இக்காலத்தில் நமக்கு எவ்வளவு காட்ட வேண்டும்?

சட்டமும் நம் பக்கமே நிற்கின்றது. மாநிலங்களுள் முந்திக்கொண்டு, 1997இலேயே தமிழ்நாடு தகவலறியும் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் விலக்குகள் மலிந்த சட்டம் அது. 2005ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமே நமக்குற்ற கருவி. பத்து உருபா கட்டணத்துடன் மடல் கொடுத்தால் 30 நாளில் விடை தரவேண்டும். தக்க கரணியமின்றிக் காலந்தாழ்த்தும் அலுவலர்க்குத் தகவல் ஆணையம் நாளொன்றுக்கு 250 உருபா வீதம் 25,000 உருபா வரை தண்டம் விதிக்கலாம். ஆவணத்தின் படி மட்டுமன்று. வேலையை நேரிற் பார்க்கவும், பயன்படுத்திய பொருளிற் சான்றிட்ட மாதிரி எடுத்துக்கொள்ளவுங்கூட அச்சட்டம் உரிமை தருகின்றது. எங்கள் வாய்க்காற் சுவரிற் சிமெந்து எவ்வளவு, மணல் எவ்வளவு என்பதைப் பிட்டுப் பார்க்கலாம் என்று பொருள்!

இராசத்தானத்து ஏழைகள் செய்து காட்டியதும் இதுவே. 1994ஆம் ஆண்டு திசம்பரில், கோட் கிரானா என்னும் சிற்றூரில், மச்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் உழைப்பாளர் அமைப்பினர் ஊரைக் கூட்டிக் கணக்கை உரக்கப் படித்தனர். வேலை செய்யாதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடம் முடிந்ததாகக் குறிப்பு. படிக்கப் படிக்க ஊரார் எழுந்து "பொய், பொய்" என்றனர். 1996இற் பியாவர் நகரில் 40 நாள் தெருவில் அமர்ந்தனர். அங்கு மூண்ட கனலே 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலிற்று. அவருட் பலர் எழுத்தறியாதவர். நாமோ எழுத்தறிந்தும் வாளாவிருக்கின்றோம்.

கேட்பதற்கு ஆளே இல்லாமற் போன காலத்தையும் மறவாதீர்கள். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டுமென அரசமைப்புச் சட்டம் கூறியும், 2016 அத்தோபரிற் காலம் முடிந்த நம் நகராட்சிகளுக்கு 2022 பிப்பிரவரியில்தான் தேர்தல் வந்தது. ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர் ஆட்சி! அவர் நல்லவரோ தீயவரோ, அது வேறு. அவரை வாக்கால் விலக்க நமக்கு வழியில்லை. கணக்குக் கேட்க மன்றமும் இல்லை. எங்கள் நகரின் அவ்வாண்டுகளின் கணக்காய்வு அறிக்கையை இன்றுவரை நான் கண்ணாற் கண்டதில்லை.

இன்னொன்று. காட்டும்போதும் ஆங்கிலத்திற் காட்டிவிட்டு, "காட்டிவிட்டோமே" என்கின்றனர். தமிழ் 1956இலேயே இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. எசுட்டிமேட், டெண்டர், எம்.புக் என்னும் இம்மூன்றையும் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, அளவுப் பொத்தகம் என்று எழுதினாற் பொறியாளர்க்கு என்ன குறைந்துவிடும்? எனக்கென்னவோ, மொழி அங்குப் பூட்டாகப் பயன்படுவதாகவே தோன்றுகின்றது. சோழர் காலத்து அவையினர் வடசொல் விரவியேனும் ஊரார் மொழியிற் கல்லில் வெட்டினர்.

ஆகலின், அன்பர்களே, நான் வேண்டுவது பெரிதொன்றன்று. வாய்க்காலின் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, அளவுப் பொத்தகத்தின் படி, பணம் கொடுத்த சீட்டு, சுவரின் சான்றிட்ட மாதிரி ஆகிய ஐந்தையும் தமிழிற் கேட்கும் மடலை எழுதி, மேடையின் இடப்பக்கத்து மேசையில் வைத்திருக்கின்றேன். ஒருவர் கேட்டால் வெளியாள் என்பர். தெருவுக்கு ஒருவராக நாற்பதுபேர் தனித்தனி மடல் கொடுங்கள். எழுதுகோல் இல்லாதார்க்கு அங்கு உண்டு. பத்து உருபா மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். வருகின்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி வாயிலிற் சந்திப்போம்.