குழந்தையைக் கவனியாமைக்குப் பொறுப்பாளி யார்?

(ஒரு கிராமத்தில் தோழர் ஒருவரது பெண் குழந்தைக்குப் பெயரிடும் கூட்டத்தில் பேசியது)



இக்குழந்தைக்குப் பெயரிடுவதற்காக நம்மை இங்கு அழைத்திருக்கின்றார்கள். பெயரிடுவது ஒரு நிமிஷ வேலை. அதற்குப் புரோகிதரும் வேண்டியதில்லை, நல்ல நேரமும் வேண்டியதில்லை; உண்மையில் நாமும்கூட வேண்டியதில்லை. பெற்றவர்கள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காரியம் முடிந்தது. ஆதலால் பெயர் வைத்த பிறகு ஒரு குழந்தைக்கு நம் நாட்டில் என்னென்ன நேருகின்றது, அப்படி நேருவதற்கு யார் ஜவாப்தாரி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாமென்று நினைக்கின்றோம். சந்தோஷமான வீட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். துக்க வீட்டில் போய்ச் சொல்வதைவிட இங்கு சொல்வது மேல் என்பதே நமது சமாதானம்.

பத்து நாளைக்கு முன்பு பக்கத்து ஊரில் மூன்று வயதுப் பிள்ளையொன்று, குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகத் தோண்டி மூடாமல் விட்டிருந்த குழியில், மழைத் தண்ணீரில் விழுந்து செத்துப் போயிற்று. துக்கம் விசாரிக்க நாமும் போயிருந்தோம். திண்ணையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டது இரண்டே வார்த்தைகள்தான். ஒன்று, “தாய்க்காரி செல்போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாளாம்.” மற்றொன்று, “அதனுடைய ஆயுசு அவ்வளவுதான்.”

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். பஸ்ஸில் போகும்போது நாமும், “தாய் எங்கே போயிருந்தாள்?” என்றுதான் முதலில் கேட்டோம். இருபது வருஷமாக மேடை ஏறிப் பெண்ணுரிமை பேசிய வாய்க்கும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. பிறகு விசாரித்ததில், அந்த அம்மாள் கையில் செல்போனே இல்லை, குடம்தான் இருந்தது என்று தெரிந்தது. அடுத்த தெருக் குழாயில் தண்ணீருக்காக வரிசையில் நின்றிருக்கின்றார். அவர் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்காகத்தான் அந்தக் குழியும் தோண்டப்பட்டது! குழி தோண்டி முப்பது நாளாகியும் குழாயும் வரவில்லை, மண்ணும் மூடப்படவில்லை. தகப்பனார் அந்நேரத்தில் வீட்டில்தான் இருந்தார். அவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் மேல் பழி போட வேண்டுமென்பது நமது கருத்தல்ல, அவருக்கும் துக்கந்தான். ஆனால், இல்லாத இடத்தில் இருந்தவளைக் கேட்கிறார்கள், இருந்த இடத்தில் இருந்தவரைக் கேட்கவில்லை. குழி தோண்டியவரை நினைக்கக்கூட இல்லை. இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

இந்த அநியாயம் திண்ணையில் மாத்திரம் இல்லை, சட்டப் புத்தகத்திலும் இருக்கின்றது. 1956ஆம் வருஷத்து இந்து மைனர், கார்டியன் சட்டத்தின் 6ஆவது பிரிவைப் பாருங்கள். குழந்தைக்கு இயற்கைக் கார்டியன் யாரென்றால், தகப்பன். அவருக்குப் பிறகுதான் தாய். ஆனால் அய்ந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டுமென்றும் அதே பிரிவு சொல்லுகின்றது. அதாவது மலம் அள்ளுவதும், இரவில் விழித்திருப்பதும், மார்பில் போட்டுத் தூங்க வைப்பதும் தாய். சொத்துக்குக் கையெழுத்துப் போடுவது தகப்பன். எழுத்தாளரான கீதா ஹரிஹரன் என்பவர் தம் மகன் பெயரில் ரிசர்வ் பாங்குப் பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பன் கையெழுத்துத்தான் வேண்டுமென்றார்கள். அவர் விடாமல் சுப்ரீம் கோர்ட் வரை போனார். “பிறகு” என்றால் தகப்பன் செத்த பிறகுதான் என்று அர்த்தமல்ல, தகப்பன் கவனிக்காமல் இருக்கும்போதும் தாயே கார்டியன் ஆகலாம் என்று 1999இல் தீர்ப்பாயிற்று. தகப்பன் கவனிக்காமல் இருப்பதும் உண்டு என்று ஒப்புக்கொள்ளச் சட்டம் வந்து நாற்பத்து மூன்று வருஷமாயிற்று. உரிமைக்குத் தகப்பன் பெயர், குற்றத்துக்குத் தாய் பெயர் என்பதுதான் நமது குடும்ப தருமமாய் இருந்து வருகின்றது.

வெள்ளைக்காரன் போட்ட 1898ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில்கூட 488ஆவது பிரிவென்று ஒன்று இருந்தது. வசதியிருந்தும் குழந்தைக்குச் சோறு போடாத தகப்பனை மாஜிஸ்ட்ரேட் கூப்பிட்டுப் பணம் கட்டச் சொல்லலாம். அந்தப் பிரிவு எண் மாறி எண் மாறி இன்றைக்கும் இருக்கின்றது. ஆனால் சம்பளத்தைச் சாராயக் கடையில் கொடுத்துவிட்டு வரும் தகப்பனைப் பார்த்து, “குழந்தையைக் கவனியாத பாவி” என்று எந்த ஊரில் யார் சொல்லக் கேட்டிருக்கின்றீர்கள்? “குடிகாரன்” என்பார்கள், “ஊதாரி” என்பார்கள். குழந்தை மெலிந்தால் மட்டும், “பெற்றவள் சரியில்லை” என்பார்கள்.

தாய்க்கு அடுத்தபடி யார் மேல் சுமத்துகின்றோம்? எட்டு வயது அக்காள் மேல். நம்முடைய கதையையே சொல்லுகின்றோம். நம் தாயார் களையெடுக்கப் போவார். நம்மை இடுப்பில் தூக்கிக்கொண்டிருக்க ஆள் வேண்டும் என்று நம் தமக்கையை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நாமும் பெரிய படிப்புப் படித்தவரல்ல, ஆனாலும் பத்திரிகை வாசித்து, நாலு பேர் முன் நின்று பேசுகிற அளவுக்கு வந்திருக்கின்றோம். நமது தமக்கையார் இன்றைக்கும் பஸ்ஸில் பலகையைப் பார்த்து ஏறுவதில்லை, கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுகின்றார். இதில் கவனிக்கப்படாத குழந்தை எது? இடுப்பில் இருந்ததா, இடுப்பில் வைத்திருந்ததா? அந்த அக்காளையும் ஒரு குழந்தையென்று அன்றைக்கு ஒருவரும் எண்ணவில்லை. நம் தாயாரைக் குறை சொல்லி என்ன பயன்? களைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. பிள்ளையை வயல் வரப்பில் போட்டால் பாம்பு.

அப்படியானால் வேலைக்குப் போகும் தாயின் குழந்தையை யார் பார்ப்பது என்று யாருமே யோசிக்கவில்லையா என்றால், யோசித்திருக்கின்றார்கள். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, அய்ம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்குத் தனி அறையும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டுமென்று எழுதினார்கள். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். 2005ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டத்திலும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அய்ந்து பேர் வேலை இடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டுமென்று எழுதினார்கள். இங்குள்ள தாய்மார்களைக் கேட்கின்றோம்: ஏரிக்கரையில் மண் வெட்டிய இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தியைக் கண்ணால் கண்டீர்களா? (ஒருவரும் இல்லை என்று குரல்கள்.) உங்களுக்கு அப்படியொரு பாத்தியதை இருந்ததென்றாவது யாராவது சொன்னார்களா? மண் அளவு குறைந்தால் கூலியைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

குழிக்கும் சட்டம் உண்டு. தண்ணீரில்லாமல் கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து சாவதைப் பார்த்து 2010இல் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. கிணறு போடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சுற்றிலும் வேலி வேண்டும். வாய்க்கு இரும்பு மூடி வேண்டும். கைவிட்ட கிணற்றைக் களிமண்ணும் மணலும் கல்லும் போட்டு அடிவரை மூட வேண்டும். இதையெல்லாம் கலெக்டர் சரிபார்க்க வேண்டும். ஒன்பது வருஷங் கழித்து, 2019 அக்டோபரில், மணப்பாறைக்கு அருகில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படிப்பட்ட துளையில் விழுந்து, நாலு நாள் போராட்டத்துக்குப் பின் பிணமாகத்தான் எடுக்கப்பட்டது. அந்த நாலு நாளும் நாடு முழுவதும் கோவிலிலும் சர்ச்சிலும் மசூதியிலும் பிரார்த்தனை நடந்தது. பிரார்த்தித்தவர்களின் இரக்கத்தை நாம் கேலி செய்யவில்லை. நாமும்தான் டெலிவிஷன் முன் தூங்காமல் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அத்தனை பேரில் எத்தனை பேர் எழுந்துபோய்த் தங்கள் ஊரில் திறந்து கிடக்கும் துளைக்கு ஒரு மூடி போட்டார்கள்?

2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் வெந்து செத்தார்கள். அன்றைக்குத் தாய்மார்களைக் குறை சொல்ல வழியில்லை, ஏனெனில் அவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்குத்தானே அனுப்பியிருந்தார்கள். ஆகவே விதியின் மேல் போட்டார்கள். கீற்றுக் கொட்டகையில் சிறு பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்ததும், பக்கத்திலேயே அடுப்பு மூட்டியதும், அதைப் பார்த்தும் பாராதது போல் அனுமதி கொடுத்ததும் விதியா, மனிதனா?

“மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்” என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. 1920இல் சென்னை நகரசபைத் தலைவராக இருந்த சர். பி. தியாகராயர், பிள்ளைகள் பட்டினியால் பள்ளிக்கூடம் வருவதில்லை என்று கண்டு, நகரசபைப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பலகாரம் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. மனிதன் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய பிறகுதானே தோழர்களே, இலை துளிர்த்தது? ஊராரின் பிள்ளைக்கு ஊராரே பொறுப்பென்று ஒப்புக்கொண்ட காரியத்தில் பலன் கண்டிருக்கின்றோம். அந்தக் கணக்கைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டோம் என்பதுதான் நமது குறை.

கடைசியாக ஒன்று. 2015ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவில், தன் பொறுப்பிலுள்ள குழந்தையை வேண்டுமென்றே கவனியாமல் விட்டவர்க்கு மூன்று வருஷம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று கண்டிருக்கின்றது. ஆனால் பெற்றவர்கள் தங்கள் சக்திக்கு மீறிய நிலைமையால் குழந்தையைக் கைவிட நேர்ந்தால், அதை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளலாகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கின்றது. சட்டம் எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்கின்ற இந்த வித்தியாசம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை. யாருக்குச் செய்யச் சக்தி இருந்ததோ, அவரையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

குழந்தையின் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. தம்பி, பிள்ளை பிறந்து நாற்பது நாளாகின்றது, எத்தனை நாள் நீங்கள் குளிப்பாட்டினீர்கள்? (சிரிப்பு.) சிரிக்க வேண்டாம், நாமும் நம் பிள்ளைகளுக்குச் செய்ததில்லை, கேட்பாரில்லாததால் தப்பித்துக்கொண்டோம். நீங்கள் நாளைக் காலையில் ஆரம்பிக்கலாம், வெந்நீர் வைப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல.

மற்றத் தோழர்களுக்கு: இந்தப் பந்தலுக்கு வரும் வழியில், தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே, இரண்டு குழிகள் திறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தோம். ஒன்றில் தண்ணீர் நிற்கின்றது. இன்று சாயங்காலமே நாலு பேர் மண்வெட்டி எடுத்தால் அவை மூடப்பட்டுவிடும். தோண்டிவிட்டுப் போனவர் யாரென்று கேட்டுப் பஞ்சாயத்து ஆபீஸில் கொடுக்க வேண்டிய மனுவை எழுதி வைத்திருக்கின்றோம். சாப்பாட்டுக்குப் பின் கையெழுத்து வாங்குவோம். தாய்மார்களுடைய கையெழுத்து முதலில் வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம், மை கொண்டு வந்திருக்கின்றோம்.