அந்த அரை மணித்தியாலம்



எங்கள் வகுப்பிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்றவர்கள் சார்பில் பேசுகிறோம்.

நல்ல பெறுபேறுகளோடுதான் ஒரு வருட உள்ளகப் பயிற்சிக்குப் போனோம். இன்சுலின் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். ஆனால் முதற் கிழமையிலேயே எங்களில் ஒருவர், 4 அலகு என்பதை 4க்குப் பக்கத்தில் ஆங்கில ‘யூ’ எழுத்தைப் போட்டுச் சுருக்கி எழுதினார். இரவுக் கடமையிலிருந்த மூத்த தாதி சீட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

“டொக்டர், இது 40 மாதிரித் தெரியுது. சொல்லை முழுசா எழுதுங்கோ.”

பத்து மடங்கு இன்சுலின் உயிரையே பறித்துவிடக்கூடும். அன்றுவரை எங்களில் பலரும் அப்படித்தான் எழுதினோம்.

அவர் ஏசவில்லை. ஆபத்தான வேறு சுருக்கங்களையும், எந்த நிலையில் பெரிய வைத்தியரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தார். அரை மணித்தியாலம்தான் சென்றது.

இன்று நாங்கள் நாற்பதைத் தாண்டி, “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்கும் இடத்தில் இருக்கிறோம். வங்கியிலும் பாடசாலையிலும் கந்தோரிலும் இருக்கும் நீங்களும் அப்படித்தான். பட்டம் பெற்றவருக்கும் வேலைப் பழக்கம் வேலைத்தலத்தில்தான் வரும். அதைப் பழக்கிவிடுவது மூத்தவர்களின் கடமை.

எங்கள் விடுதிகளுக்குப் புதியவர் வந்தால், நோயாளரைப் பொறுப்புக் கொடுக்கமுன் ஒருவர் கூடவே நின்று காட்டிக் கொடுக்கிறோம். “தெரியாவிட்டால் எந்த நேரமும் கேளுங்கோ” என்றும் சொல்லிவைக்கிறோம்.

சகோதரிகளே, உங்களிடம் அடுத்ததாக வரும் புதியவருக்கும் அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுங்கள்.