ஒரு சிறு கடிதம்



அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரத்து மனநோய் வைத்தியர் ஜெரோம் மோட்டோ, மனமுடைந்தோ உயிரை வெறுத்தோ வைத்தியசாலையிற் சேர்ந்து, வீடு திரும்பியபின் சிகிச்சையைத் தொடராத 843 பேரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு மாத்திரம், முன்னர் அவர்களோடு பேசியவரே ஐந்தாண்டு காலம் இடையிடையே சிறு கடிதம் எழுதினார். நலமாயிருப்பீர்களென நம்புகிறோம், விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவே, புத்திமதி கிடையாது. நமக்கு அதுதான் கடினம்!

2001இல் வெளியான முடிவின்படி, முதலிரு ஆண்டுகளில் கடிதம் பெற்றோரிடையே தற்கொலை குறைவாயிருந்தது. பின்னர் அவ்வேற்றுமை தேய்ந்துபோயிற்று, அதையும் மறைத்தலாகாது. ஆயினும் வைத்தியசாலையை விட்டகன்ற தொடக்க காலமே அபாயம் மிக்கதென்பர் ஆராய்ச்சியாளர்.

நமது சங்கத்திலும், வரவு இடாப்பிற் சில மாதங்களாகப் பெயர் விழாத அங்கத்தவர்கள் உளர். அவர்கள் விலாசம் காரியதரிசியிடம் இருக்கிறது.