கொழுந்து போகும் கொழும்புக்கு நாமும் போய் வருவோம்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை)



நாம் பறிக்கிற கொழுந்து தூளாகிக் கொழும்புக்குப் போகிறது. முதலாவது தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி அங்கேதான் நடந்தது. தூள் போன பாதையிலேயே நம்ம பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஒருவன் வெள்ளவத்தைக் கடையில், ஒருத்தி கொட்டாஞ்சேனை வீட்டில். அண்மையில் ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "ஐயா, மகன் போய் நாலு வருசமாச்சு. காசு அனுப்புறான். எங்க சாப்பிடுறான், எங்க படுக்கிறான்னு கண்ணால பார்த்ததில்ல."

யுத்தம் நடந்த காலத்தில் சோதனைச் சாவடிக்குப் பயந்து போகாமல் இருந்தோம். 2009இல் யுத்தம் முடிந்தது. இன்னும் ஏன் போகவில்லை? "காசு இல்லை" என்கிறோம். காசு மட்டுமா குறை? திட்டமும் இல்லை. எங்கள் குடும்பமே ஒருமுறை தீபாவளி முற்பணத்தை எடுத்துக்கொண்டு திடீரெனப் புறப்பட்டது. பஸ்ஸில் நின்றபடியே பயணம். தங்க இடமில்லை. மறுநாளே திரும்பிவிட்டோம். முற்பணமோ மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்டது. அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு முன்பே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து சிறிய சீட்டுப் பிடிக்கலாம். முற்பணமும் அடகும் இதற்கு வேண்டாம். பண்டிகை வாரத்தைத் தவிருங்கள். 2025 நவம்பர் புயலில் மலையகப் பாதைகள் சேதமடைந்தன. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று முதலில் ஸ்டேஷனில் கேளுங்கள். தங்குமிடத்தையும் வாடகையையும் போகுமுன் பேசி முடியுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

மூன்று நாள் போதும். முதல் நாள் கொட்டாஞ்சேனை. பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைப் பாருங்கள். 1856இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். அந்தத் திருப்பணி 1912இல் முடிந்தது. பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். எல்லா மதத்தாரும் போகும் இடம். செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்து அங்கே பலர் மாண்டார்கள். அவர்களுக்காக ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இரண்டாம் நாள் வெள்ளவத்தை. கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் போனால் ஜன்னல் ஓரமாகக் கடல் வரும். மலையில் பிறந்த பிள்ளைக்கு அது பெரிய காட்சி! ஆனால் தண்டவாளம் கடற்கரையை ஒட்டியே போகிறது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள், கடலில் குளிக்க விடாதீர்கள். அடுத்த ஸ்டேஷன் தெகிவளை. மிருகக்காட்சிசாலை அந்த ஊரில்தான்.

மூன்றாம் நாள் 1877இல் திறந்த நூதனசாலை. கண்டி அரசரின் சிம்மாசனம் அங்கே இருக்கிறது. பிறகு காலிமுகத்திடல், அப்புறம் வீடு.

இதற்கு நடுவில் ஒரு அரைநாளை பிள்ளைக்கு என்று வையுங்கள். முதலாளியிடம் முன்கூட்டியே லீவு கேட்கச் சொல்லுங்கள். அவன் படுக்கும் இடத்தைப் பாருங்கள். கடையில் வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று கேளுங்கள். பிள்ளை சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி 12. அது சட்டம். சண்டை வேண்டாம், மரியாதையாகக் கேட்டாலே போதும். பின்னால் பெற்றோர் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பிள்ளைக்கு மதிப்பு கூடும்.

கடன் இல்லாமல் போய், சிரித்த முகத்தோடு திரும்பி, மறுநாள் பிரட்டுக்கு வரவேண்டும். அதுதான் நல்ல பயணம். திட்டம் போட உதவி வேண்டுமென்றால் எங்கள் காரியாலயத்துக்கு வாங்க. சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.